டீசல் வண்டியின் உணவுப் பாதை



இன்றைய பேச்சில் டீசல் பிக்கப் வண்டியைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். "ஆசிரியருக்கும் டீசல் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். தாய்மார்கள் சிலர், "இது ஆண்கள் விஷயம்" என்று வானொலியை மூடிவிடவும் கூடும். வேண்டாம், மூடி விடாதீர்கள். வண்டி கெட்டால் செலவாவது குடும்பத்தின் பணம். அடுப்படியில் சேர்த்து வைத்த காசுதான் பட்டறைக்குப் போகிறது. ஆகவே, இது குடும்பம் முழுவதும் அறிய வேண்டிய செய்தியே ஆகும்.

நாம் இதைப் பற்றிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர். செம்பனைக் குலை அறுத்தே ஆளானவர். 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு டீசல் பிக்கப்பை வாங்கினார். சுற்று வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களின் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்வது அவருடைய எண்ணம். மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு ஆலைக்குப் போகும் மேட்டில் வண்டி திணறத் தொடங்கியது. காலையில் இஞ்சின் எழும்ப மறுத்தது. பட்டணத்துப் பட்டறை ஒன்றில், "பெரிய இஞ்செக்டர் போடுங்கள், பம்பை மாற்றுங்கள், கணினியையும் திருத்திக் கொள்ளுங்கள், வண்டி பறக்கும்" என்று சொல்லி, விலைப் பட்டியலையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்த தொகை, குலை அறுத்த காலத்தில் அவர் ஆறு மாதத்தில் வாங்கிய சம்பளத்தை விட அதிகம்.

அந்தப் பட்டியலை அவர் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்தார். "வாத்தியாரையா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடலாமா, கூடாதா?" என்றார். நாம் இஞ்சின் படித்தவர் அல்லர். ஆனால் படிக்கத் தெரிந்தவர். வண்டியோடு வந்த கையேட்டை இருவரும் சேர்ந்து புரட்டினோம். அனுபவமுள்ள வேறொரு மெக்கானிக்கிடமும் போய்க் கேட்டோம். அப்போது அறிந்து கொண்டவற்றையும், பின்னர் படித்துத் தெளிந்தவற்றையுமே இங்கு உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் டீசல் இஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போமா?

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் தம்முடைய இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெட்ரோல் இஞ்சினில் நெருப்புப் பொறி வைப்பதற்கு ஒரு பிளக் உண்டு. டீசல் இஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதே காரணம். டீசல் இஞ்சினும் இதையே செய்கிறது. சிலிண்டருக்குள் வந்த காற்றை, பதினைந்து இருபது பங்கில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 செல்சியஸ் பாகைக்கு மேல் ஏறிவிடும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பனித்துளி போல் தெளித்தால், தானே தீப்பற்றிக் கொள்கிறது.

இங்கே முக்கியமான சொல் 'தெளித்தல்' என்பதாகும். டீசலைச் சும்மா ஊற்றினால் எரியாது. மிக நுண்ணிய துளிகளாக, சரியான நேரத்தில், சரியான அளவில் தெளிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் கொண்ட இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, நிமிடத்துக்கு 4,000 தடவை எரிதல் நடக்கிறது. அத்தனை தடவையும் அளவு பிசகக் கூடாது. இந்த வேலைக்காக அமைந்ததுதான் எரிபொருள் செலுத்தும் அமைப்பு. இதை நாம் வண்டியின் உணவுப் பாதை என்று அழைக்கலாம்.

இந்தப் பாதை எங்கே தொடங்குகிறது? எண்ணெய்த் தொட்டியில் தொடங்குகிறது. தொட்டிக்குள் ஒரு சல்லடை. அதிலிருந்து இஞ்சினை நோக்கிப் போகும் குழாய். வழியில் தண்ணீரையும் தூசியையும் பிரிக்கும் வடிகட்டி. அதன் தலையில் கையால் அழுத்தும் சிறு பம்பு. அப்பால் பெரிய அழுத்தப் பம்பு. கடைசியில், தெளிக்கும் கருவியாகிய இஞ்செக்டர். பயன்படாமல் மிஞ்சிய டீசல், வேறொரு குழாய் வழியே மீண்டும் தொட்டிக்கே திரும்பிவிடும். வடிகட்டி வரையில் உள்ளது தாழ்ந்த அழுத்தப் பகுதி. பெரிய பம்பிலிருந்து அப்பால் உள்ளது உயர்ந்த அழுத்தப் பகுதி. இந்த இரண்டு பிரிவையும் நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். பின்னால் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

பழைய வண்டிகளில் இருந்தது இயந்திர முறைப் பம்பு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டு முதல் இத்தகைய பம்புகளைப் பெருமளவில் செய்து விற்றது. 1995ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ நிறுவனம், 'காமன் ரெயில்' எனப்படும் புதிய முறையை லாரிகளில் பொருத்தியது. இதில், பம்பு டீசலை ஒரு தடித்த இரும்புக் குழாய்க்குள் அழுத்தி வைக்கிறது. அந்தக் குழாய்தான் ரெயில். அதிலிருந்து ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் கிளை போகிறது. எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி கட்டளையிடுகிறது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் தலைமுறையின் 2.5 லிட்டர், 3.0 லிட்டர் டி‑4டி இஞ்சின்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அதற்குப் பின் வந்த பிக்கப்களில் பெரும்பாலானவை இதே வகைதான்.

இந்த ரெயிலுக்குள் இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 1,600 பார், சிலவற்றில் 2,000 பார்கூட உண்டு. ஒரு கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2 பார்தான். அதைப் போல 800 மடங்கு! நம் சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஓர் இடத்தில் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையை ஏற்றி வைத்தால் எப்படியோ, அப்படி. இந்த அழுத்தம் கசிந்துவிடாமல் தாங்குவதற்காக, பம்பிலும் இஞ்செக்டரிலும் உள்ள பாகங்களுக்கு இடையே சில மைக்ரோன் இடைவெளியே விட்டிருக்கிறார்கள். நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரோன். அப்படியானால் எவ்வளவு சிறிய தூசி இந்த இஞ்செக்டரைக் கெடுத்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள்! கண்ணுக்கே தெரியாத தூசிதான் இங்கே பெரிய பகைவன்.

இன்னொரு பகைவன் தண்ணீர். பம்பையும் இஞ்செக்டரையும் வழுக்கலாக வைத்திருப்பது தனி எண்ணெய் அல்ல. உள்ளே ஓடும் டீசலேதான். அதில் தண்ணீர் கலந்தால் வழுக்கல் போய்விடும், துருவும் பிடிக்கும். பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மங்கில் வடிந்த பாலில் மழைத் தண்ணீர் விழுந்துவிட்டால் அன்றைய உழைப்பு என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும்.

இனி நம் பெரியவரின் வண்டிக்கு வருவோம். இரண்டாவது மெக்கானிக் முதலில் செய்தது என்ன? விலைப் பட்டியல் எழுதவில்லை. வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் டீசலைப் பிடித்தார். அதைக் கால் மணி நேரம் ஆடாமல் வைத்தார். போத்தலின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தங்கி நின்றது! தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுத்த சளி போன்ற ஓர் ஏடு. தண்ணீரும் டீசலும் கூடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்வதால் வரும் அழுக்கு அது. "ஐயா, இந்த வண்டிக்குப் பசி இல்லை, வயிற்றுக் கோளாறு. பெரிய இஞ்செக்டர் போட்டால் அதுவும் கெட்டுத்தான் போகும்" என்றார் அவர்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? அவர் குலை ஏற்றும் சிறுதோட்டம் ஒன்றில், மழையிலும் வெயிலிலும் நிமிர்ந்து நிற்கும் ஒரு டீசல் டிரம் இருந்தது. அங்கிருந்துதான் அவ்வப்போது ஊற்றிக் கொண்டிருந்திருக்கிறார். பகலில் வெயில் பட்டு டிரம்முக்குள் இருக்கும் காற்று விரிகிறது. மாலையில் மழை பெய்து டிரம் குளிர்ந்ததும் அந்தக் காற்று சுருங்குகிறது. அப்போது, டிரம்மின் தலையில் தேங்கி நிற்கும் மழை நீரை, மூடியின் திருகு வழியாக உள்ளே உறிஞ்சிக் கொள்கிறது. மூடி இறுக்கமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். மேலும், டீசல் நம் நாட்டில் கட்டுப்பாட்டுப் பொருள். அனுமதியின்றி டிரம்மில் சேர்த்து வைப்பது சட்டப்படியும் தவறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். எண்ணெய் நிலையத்தில் நேராக வண்டிக்கு ஊற்றுவதே நல்லது.

இங்கே நம் செம்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாம் அறுக்கும் குலையிலிருந்து வரும் எண்ணெய் இன்று நாம் ஊற்றும் டீசலிலும் கலந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டில் 5 விழுக்காடு என்று தொடங்கிய இந்தக் கலப்பு, 2019இல் 10 விழுக்காடானது. அதைத்தான் 'பி10' என்கிறோம். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லங்காவியில் 20 விழுக்காட்டுக் கலப்பும் தொடங்கப்பட்டது. 2021 ஏப்ரலில் யூரோ 5 டீசல் கட்டாயமானபோது, அதிலுள்ள கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைந்தது. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழுக்கல் தன்மையும் குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடு செய்வதில் செம்பனை எண்ணெய்க் கலப்பு பெரிதும் உதவுகிறது. இது நமக்குப் பெருமைதான்.

ஆயினும், இதற்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. ஒன்று, இது வெறும் டீசலை விட அதிகமாக ஈரத்தை ஈர்க்கும். மற்றொன்று, தொட்டியிலும் குழாயிலும் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கரைத்து எடுத்து வந்து வடிகட்டியை அடைக்கும். பழைய வண்டிகளில் இது மிகுதி. ரப்பர் குழாய்களையும் கவனிக்க வேண்டும். நாம் வெட்டிய பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் டயருக்கு உயிர் போன்றது. ஆனால் டீசல் பட்டால் ஊறி உப்பிவிடும். ஆகவே, எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரால் செய்த குழாயைத்தான் எரிபொருளுக்குப் பயன்படுத்த வேண்டும். கடையில் குழாய் வாங்கும்போது, "இது டீசலுக்கு உரியதா, பயோடீசலைத் தாங்குமா?" என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டுவது ஆகவே ஆகாது.

சரி, உணவுப் பாதையை மேம்படுத்துவது எப்படி? இதில் ஒரு வரிசை இருக்கிறது. வீடு கட்டும்போது கூரையை முதலில் போடுவதில்லை அல்லவா? அதுபோலவே, தாழ்ந்த அழுத்தப் பகுதியை முதலில் சீர்படுத்திய பிறகே உயர்ந்த அழுத்தப் பகுதியைத் தொட வேண்டும்.

முதற்படி, இருப்பதைச் சுத்தம் செய்தல். தொட்டியைக் கழுவி, அதன் சல்லடையைப் பார்க்க வேண்டும். வெடித்த குழாய்களையும் தளர்ந்த கவ்விகளையும் மாற்ற வேண்டும். வண்டி எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் வகையாக இருந்தால், குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். காலையில் இஞ்சின் எழும்பாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மெக்கானிக் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை இடையில் மாட்டிப் பார்த்தால், குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். புதிய வடிகட்டி போடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சிலர் கேனிலிருந்து டீசலை வடிகட்டிக்குள் ஊற்றி நிரப்பி மாட்டுவார்கள். வடிகட்டாத அந்த டீசல் சுத்தமான பக்கத்துக்குப் போய், நேரே இஞ்செக்டரில் சேர்ந்துவிடும். கைப் பம்பை அழுத்தி நிரப்புவதே முறையாகும்.

இரண்டாம் படி, கூடுதலாக ஒரு முன் வடிகட்டி பொருத்துதல். பிக்கப் வைத்திருப்பவர்கள் செய்யும் மேம்பாடுகளில், செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுதான் என்பது நம் கருத்து. இது தண்ணீரைப் பிரித்து, அடியில் உள்ள கிண்ணத்தில் தேக்கி வைக்கும். கிண்ணம் ஒளிபுகும் வகையாக இருந்தால் தண்ணீரைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தொட்டிக்கும் வண்டியின் சொந்த வடிகட்டிக்கும் நடுவில் இதைப் பொருத்துகிறார்கள். இதன் கண்கள் சொந்த வடிகட்டியின் கண்களை விடப் பெரியவையாக இருக்க வேண்டும். 30 மைக்ரோன் வரை உள்ளவற்றை இது பிடித்தால், அதை விடச் சிறியவற்றைச் சொந்த வடிகட்டி பிடித்துக் கொள்ளும். அரிசியைச் சலிக்கும்போது முதலில் பெரிய கண் சல்லடை, பிறகு சிறிய கண் சல்லடை என்று வைப்பதில்லையா? முதலிலேயே மிகச் சிறிய கண் வைத்தால், பம்பு உறிஞ்ச முடியாமல் திணறும். இஞ்சினின் அளவுக்கு ஏற்ற ஓட்டம் உள்ளதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். புகைக்குழாயின் சூடு படாத இடத்தில், கல் அடிக்காத உயரத்தில் அதைப் பொருத்த வேண்டும்.

மூன்றாம் படி, மின்சாரத் தூக்குப் பம்பு. பல பிக்கப்களில் தொட்டிக்குள் பம்பு கிடையாது. இஞ்சின் பக்கத்தில் உள்ள பம்பே டீசலை உறிஞ்சி இழுக்கிறது. குழாய் நீளமாக இருந்தாலோ, வடிகட்டிகள் கூடினாலோ அதற்குச் சுமை அதிகம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பம்பை வைத்துத் தள்ளிக் கொடுத்தால், அந்தச் சுமை குறையும். ஆனால், இது எல்லா வண்டிக்கும் தேவையா? இல்லை. வடிகட்டிக்கும் பெரிய பம்புக்கும் இடையே வெற்றிட அளவுமானியை மாட்டி, பாரம் ஏற்றி, மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிய வடிகட்டியும் சுத்தமான குழாயும் இருந்தும், கையேட்டில் சொன்ன அளவை மீறி இழுத்தால்தான் தூக்குப் பம்பு வேண்டும். அதுவும் தாழ்ந்த அழுத்தம் கொண்டதாக இருக்க வேண்டும். உறிஞ்சுவதற்காகச் செய்யப்பட்ட அமைப்பில் அதிக அழுத்தத்தைத் திணித்தால், உள்ளே இருக்கும் சீல்கள் பிய்ந்துவிடும். இஞ்சின் நின்றதும் பம்பும் தானாக நிற்கும்படி ரிலேயும் ஃபியூஸும் வைத்து மின்கம்பி இழுக்க வேண்டும். விபத்தில் குழாய் அறுந்து, பம்பு மட்டும் ஓடிக் கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தூக்குப் பம்பு போட்டால் வண்டியின் சக்தி கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. எவ்வளவு டீசல் எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது இஞ்செக்டரும் கணினியும்தான். சோற்றுப் பானை நிறைய இருக்கிறது என்பதற்காக நாம் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. தூக்குப் பம்பு பானையை நிறைவாக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

நான்காம் படிதான் பெரிய இஞ்செக்டர், பெரிய பம்பு, கணினித் திருத்தம். இவற்றால் சக்தி கூடுவது உண்மையே. மறுப்பதற்கில்லை. ஆனால் டீசலைக் கூட்டினால் காற்றையும் கூட்ட வேண்டும். காற்று போதாவிட்டால் கறும்புகை வரும். புகைக்குழாயின் வெப்பம் ஏறும். நெடுநேரம் மேட்டில் இழுத்தால் பிஸ்டனே உருகிப் போகக்கூடும். டர்போ, கிளட்ச், கியர் பெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் சுமை கூடும். பிரேக் மட்டும் பழையபடியே இருக்கும்! விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னது வீணாக அல்ல. கறும்புகை கக்கும் டீசல் வண்டிகளைத் தடுக்க 1996ஆம் ஆண்டு முதலே நம் நாட்டில் சுற்றுச்சூழல் விதிமுறை உண்டு. ஆகவே, குலை ஏற்றிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு இந்த நான்காம் படி தேவையில்லை என்பதே நம் துணிபு. இஞ்செக்டர் உண்மையிலேயே கெட்டிருந்தால் அதே அளவுள்ளதைப் போட்டுக் கொள்ளலாம். காமன் ரெயில் இஞ்செக்டர்களில் பலவற்றுக்குத் தனித்தனிக் குறியெண் உண்டு. அதைக் கணினியில் பதிவு செய்தார்களா என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

இப்போது, தாய்மார்களும் பிள்ளைகளும் கட்டாயம் கேட்க வேண்டிய எச்சரிக்கைகள் சில.

பழைய வண்டியில் காற்றை வெளியேற்ற, இஞ்சின் சுற்றும்போதே இஞ்செக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் அப்படிச் செய்யவே கூடாது. எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ஊசி போன்ற அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும்; வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். ஆனால் உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நேர்ந்தால், "சின்னக் காயந்தானே" என்று மருந்து தடவிக் கொண்டு இருக்காமல், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டீசல் அழுத்தத்தால் ஏறியது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைத் தூரத்தில் பிடித்தாலே போதும்.

குழாயை வாயில் வைத்து டீசலை உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சிறிதளவு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போதும் அது நுரையீரலுக்குள் போகும். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிநீர்ப் போத்தலில் டீசல் ஊற்றி வைக்கவே வேண்டாம். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது.

பட்டறையில் விலைப் பட்டியல் நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒன்று: வடிகட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இரண்டு: காற்று வடிகட்டி சுத்தமாக இருக்கிறதா? மூன்று: சோதனைக் கருவியில் ரெயிலின் அழுத்தம் எவ்வளவு காட்டியது? நான்கு: கழற்றிய பழைய பாகத்தை எனக்குத் திருப்பித் தருவீர்களா? நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார்.

நம் பெரியவரின் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தொட்டியைக் கழுவினார்கள், குழாய்களை மாற்றினார்கள், முன் வடிகட்டியும் போட்டார்கள். ஆயினும், நான்கு இஞ்செக்டர்களில் இரண்டு ஏற்கெனவே துருப்பிடித்துக் கெட்டிருந்தன. அவற்றுக்கு மாற்று வாங்கக் கடன் வாங்கத்தான் வேண்டியிருந்தது. அந்தக் கடன் இன்னும் முழுதும் அடையவில்லை. முதல் நாளே போத்தலில் டீசலைப் பிடித்துப் பார்த்திருந்தால் அந்த இரண்டும் தப்பியிருக்கும். அவருக்கு இதைச் சொல்லித் தர அப்போது யாரும் இல்லை. நாங்களும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தோமே அன்றி, பெற்றோர் பிழைக்கும் வண்டியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. வீணாகும் ஒவ்வொரு துளியும் அந்த விலையில்தான் வீணாயிற்று. இப்போது அந்தப் பெரியவரின் வீட்டு நாட்காட்டியில், ஒவ்வொரு சனிக்கிழமையிலும் பென்சிலால் ஒரு குறி இருக்கிறது. நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் அவருடைய பேத்திதான் குறிக்கிறாள். தாத்தா திருகைத் தளர்த்துவார். அவள் போத்தலைத் தூக்கிப் பார்த்து, தண்ணீர் உண்டு, இல்லை என்று எழுதி வைப்பாள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு டீசல் வண்டி இருந்தால், வருகிற சனிக்கிழமை ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்துக் கொள்ளுங்கள். இஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பிறகு திருகைத் தளர்த்திப் பாருங்கள். பார்த்த பின் டீசலைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். போத்தலில் 'டீசல்' என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வண்டியை மேம்படுத்தும் வேலை அந்தப் போத்தலில்தான் தொடங்குகிறது.